தூரிகையும் குறிப்பேடும்: நுண்கலைப் பட்டப்படிப்பில் கலை வரலாற்றைப் படிக்கும் முறை

நுண்கலைக் கல்லூரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஓவியம் தீட்டவோ சிற்பம் வனையவோ வருகிறார்கள். கலை வரலாறு அவர்களுக்குப் பாடத்திட்டத்தோடு வந்து ஒட்டிக்கொண்ட ஒரு தியரித் தாள். காலை முழுவதும் ஈசலுக்கு முன்னால் நின்ற களைப்போடு மதியம் திரைச்சீலை இழுத்துவிட்ட அறையில் அமர்ந்து படங்களைப் பார்ப்பதும், தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மூத்த மாணவர்களின் நோட்டுகளை ஜெராக்ஸ் எடுத்து மனப்பாடம் செய்வதும் பல தலைமுறைகளாக நடந்துவருகிற வழக்கம். முதல் இரண்டு ஆண்டுகள் நானும் அப்படித்தான் படித்தேன். தேர்ச்சி பெற்றேன் என்றாலும், படித்ததில் ஒன்றுகூட என் ஓவியத்தின் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. மூன்றாம் ஆண்டில் அருங்காட்சியகத்தில் அமர்ந்து வரையத் தொடங்கிய பிறகுதான், கலை வரலாற்றை முதலில் கையால் படித்துவிட்டு அதன் பிறகு புத்தகத்துக்குப் போக வேண்டும் என்பது புரிந்தது. அந்த வரிசையை எப்படிக் கடைப்பிடிப்பது என்பதைத் தமிழ்நாட்டு மாணவர்களை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

சேரும் இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரிகளில் இளங்கவின்கலைப் பட்டம் நான்கு ஆண்டுப் படிப்பு. அங்கு ஓவியம், சிற்பம் முதலிய செய்முறைத் துறைகளே முதன்மையானவை. கலை வரலாறு எல்லோருக்கும் பொதுவான எழுத்துத் தாளாக வரும். கலை வரலாற்றையே தனித் துறையாகப் படிக்க விரும்புகிறவர்கள் வடோதரா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்தையும், சாந்திநிகேதனின் கலாபவனத்தையும் பார்க்கலாம். இரண்டு இடங்களிலும் ஓவியர்களும் வரலாற்று மாணவர்களும் ஒரே வளாகத்தில் பழகுவதால் எல்லைக்கோடு தானாகவே மங்கிவிடுகிறது. ஆனாலும் செய்முறைத் துறையில் சேர்ந்தவர்கள் வாய்ப்பு போய்விட்டதே என்று வருந்தத் தேவையில்லை. சென்னையில் படிக்கிறவருக்குக் கல்லூரியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் எழும்பூர் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. கும்பகோணத்தில் படிக்கிறவருக்குச் சிற்பங்கள் நிறைந்த தாராசுரம் கோயிலும், செப்புப் படிமம் வார்க்கும் சுவாமிமலையும் சைக்கிள் தூரம்.

அருங்காட்சியகத்தில் ஒரு காலைப்பொழுது

வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், ஒரே ஒரு பொருள் என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்துவிட்டுப் போய்த் திரும்பி வந்தவர்கள் ஏராளம். பென்சிலும் கைக்கு அடக்கமான ஸ்கெட்ச் புத்தகமும் போதும். சார்கோலும் மையும் அங்கே வேண்டாம். தரையில் உட்கார்ந்து நெடுநேரம் வரைவதாக இருந்தால் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது காவலர்களோடு வீண்பேச்சைத் தவிர்க்கும்.

செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் உட்காருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 11ஆம் நூற்றாண்டுச் சோழர் படிமம் அது. பெயர்ப்பலகையை இப்போதைக்குப் படிக்காதீர்கள். முதல் இருபது நிமிடம் புறக்கோடுகளை வரையாமல், உடல் எந்தப் பக்கம் சாய்ந்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மட்டும் நீண்ட கோடுகளால் பிடிக்க முயலுங்கள். பிறகு ஒரு நூலில் சாவியைக் கட்டிக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். கழுத்துக் குழியிலிருந்து இறங்கும் அந்த நேர்கோடு பாதங்களில் எங்கே விழுகிறது என்பதைப் பார்த்தால், எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பது தெரிந்துவிடும். உடல் மூன்று இடங்களில் வளைந்து நிற்கும் நிலையைக் குறிக்கும் திரிபங்கம் என்ற சொல்லை நோட்டில் பத்து முறை எழுதினாலும் வராத தெளிவு இந்த நூலில் வரும். ஆண் பாதியில் இரண்டு கைகளும் பெண் பாதியில் ஒரே கையும் இருப்பதையும், ஒரு பக்கம் ஆடை தொடையோடு நிற்க மறுபக்கம் கணுக்கால் வரை இறங்குவதையும் வரையும்போதுதான் கவனிப்பீர்கள். அகன்ற தோளும் குறுகிய தோளும், நேரான இடுப்பும் வளைந்த இடுப்பும் ஒரே உடலில் பொருந்த வேண்டுமானால் நடுக்கோடு எங்கே போக வேண்டும் என்ற கேள்வி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், உலோகத்தில் வார்ப்பதற்காக மெழுகில் உருவம் செய்த அந்தச் சிற்பிக்கு எழுந்த கேள்வியேதான். அதை அவர் எப்படித் தீர்த்தார் என்று கண்டுபிடிப்பதே உங்கள் அன்றைய வரலாற்று ஆய்வு.

வரைந்து முடித்த பிறகு பெயர்ப்பலகையையும், பீடத்தையும், முகத்தின் தேய்மானத்தையும் பாருங்கள். பல படிமங்களின் பீடத்தில் துளைகளோ வளையங்களோ இருக்கும். திருவிழாவில் வாகனத்தில் ஏற்றிக் கட்டுவதற்காக வைத்தவை அவை. சில முகங்களில் மூக்கும் உதடும் மழுங்கியிருப்பதற்கு நூற்றாண்டுக்கணக்கான அபிஷேகம் காரணம். மின்விளக்கின் கீழ் வெற்றுடம்போடு நிற்கும் இந்தப் படிமத்தைச் செய்தவர், அது பட்டும் மாலையும் போர்த்தி, மக்கள் சூழ நகர்ந்து செல்வதையே நினைத்துச் செய்தார் என்பதை அந்தத் துளைகள் நினைவூட்டும். இந்தக் குறிப்புகளையெல்லாம் அதே பக்கத்தில், ஓவியத்தின் ஓரத்தில் எழுதுங்கள். ஸ்கெட்ச்சுக்கு ஒன்று, வரலாற்றுக்கு ஒன்று என்று இரண்டு நோட்டு வைத்துக்கொள்ளும் பழக்கத்தை முதல் நாளிலேயே விட்டுவிட வேண்டும். வரைபடமும் அதற்கான குறிப்பும் பிரிந்துபோனால் இரண்டுமே பயன்படாமல் போகும்.

அதே வளாகத்தில் உள்ள அமராவதிச் சுண்ணாம்புக்கற் பலகைகளுக்கு இன்னொரு வாரத்தை ஒதுக்குங்கள். மதம் பிடித்த நளகிரி யானையைப் புத்தர் அடக்கும் காட்சி ஒரு வட்டத்துக்குள் செதுக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒரே யானை இரண்டு முறை வருகிறது. ஒருபுறம் தெருவில் வெறிகொண்டு ஓடும் யானை, மறுபுறம் புத்தரின் காலடியில் பணிந்து கிடக்கும் யானை. மாடத்திலிருந்து பார்க்கிறவர்களும் பயந்து ஒதுங்குகிறவர்களும் அந்த நெருக்கத்துக்குள்ளேயே இடம்பிடித்திருக்கிறார்கள். காம்போசிஷன் வகுப்பில் ஒரு கதையைச் சட்டத்துக்குள் அடக்கத் தெரியாமல் திணறுகிற மாணவர், இந்த வட்டத்தில் உருவங்களை விட்டுவிட்டு அவற்றின் திசைகளை மட்டும் அம்புக்குறிகளாக வரைந்து பார்த்தால், கண்ணை இடமிருந்து வலமாக நகர்த்தி ஓட்டத்திலிருந்து அமைதிக்குக் கொண்டுசேர்ப்பது எப்படி என்பதைத் தெரிந்துகொள்வார்.

ஒரே நாளில் இரண்டு உடல்கள்

ஒப்பிடுவதுதான் கலை வரலாற்றின் அடிப்படைக் கருவி. சென்னை மாணவருக்கு நான் எப்போதும் பரிந்துரைக்கும் பயிற்சி ஒன்று உண்டு. காலையில் எழும்பூரில் ஒரு சோழர் செப்புத் திருமேனியை வரைந்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் மெரினாவுக்குப் போய் உழைப்பாளர் சிலையை வரைய வேண்டும். 1959இல் நிறுவப்பட்ட அந்தச் சிலையைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரியான சென்னைக் கலைப் பள்ளியின் முதல் இந்திய முதல்வராக 1957 வரை இருந்தவர் அவர். பாறையைப் பெயர்க்கும் அந்த நான்கு ஆண்களின் உடலில் ஒவ்வொரு தசையும் தன் வேலையைத் தோலுக்கு வெளியே சொல்கிறது. எலும்பு எங்கே, தசை எங்கே ஒட்டுகிறது என்று கற்றுத்தரும் ஐரோப்பிய உடற்கூற்று முறையின் விளைவு அது. காலையில் பார்த்த படிமத்திலோ தசையே இல்லை. மூச்சை உள்ளிழுத்து நிறுத்தியதுபோல் உடல் உள்ளிருந்து நிறைந்திருக்கிறது. இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்பது வீண் வேலை. லைஃப் ஸ்டடி வகுப்பில் எதை உங்களுக்குச் சொல்லித்தருகிறார்கள், எதைச் சொல்லித்தருவதில்லை என்பது இந்த ஒரு நாளில் விளங்கிவிடும்.

உங்கள் கல்லூரியின் வரலாற்றையும் இதே போல் கையில் எடுங்கள். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப் பள்ளி, ஆங்கில அரசின் கைக்கு வந்தபோது தொழிற்கலைப் பள்ளியாக இருந்தது. ஆங்கிலேயக் கலை ஆசிரியர் ஹாவெல் 1884இல் இங்கே பொறுப்பேற்றுக் கைவினைஞர்களின் மரபைக் கவனிக்கத் தொடங்கினார். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1957இல் முதல்வரான பிறகு, ஐரோப்பிய நவீனத்தை நகலெடுக்காமல் நவீனமாக இருப்பது எப்படி என்ற கேள்வி மாணவர்களிடையே சூடு பிடித்தது. அவருடைய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை 1963இல் தொடங்கியது. 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவானது. மெழுகு பூசிச் சாயமேற்றிய பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் விற்ற காசில் ஓவியர்கள் தங்கள் ஓவியத்தைக் காப்பாற்றிக்கொண்ட கதை அது. கோடு என்பது ஏன் சென்னை ஓவியர்களிடம் இவ்வளவு வலுவாக இருக்கிறது என்று யோசிக்கிற மாணவர், தன் ஆசிரியர் சொல்லும் திருத்தங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் சேர்த்தே கண்டுகொள்வார். நம் கையில் இருக்கும் பழக்கங்களில் பாதி, நமக்குத் தெரியாமலே யாரிடமிருந்தோ வாங்கியவை.

செய்து பார்த்து அறிதல்

செய்முறை மாணவருக்கு இருக்கும் பெரிய அனுகூலம், வரலாற்று மாணவர் படித்து மட்டுமே தெரிந்துகொள்வதைச் செய்து பார்க்க முடியும் என்பது. இந்த வசதியை யாரும் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் நீண்டநாள் குறை.

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள உட்சுற்றில், நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அந்தச் சுற்றுக்குள் பொதுமக்கள் செல்ல அனுமதி இல்லை. ஆகவே பெரும்பாலான மாணவர்கள் அச்சுப்படங்களைப் பார்த்துவிட்டு ‘சுதை ஓவியம்’ என்று எழுதி நகர்ந்துவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக ஓரடிச் சதுரமுள்ள பழைய தரை ஓடு ஒன்றை எடுத்து, தண்ணீரில் ஊறவைத்துக்கொள்ளுங்கள். நன்றாக நீற்றிப் பல வாரம் நீரில் கிடந்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்று மணல் இரண்டு அல்லது மூன்று பங்கு சேர்த்துக் குழைத்து ஓட்டின் மேல் பூசுங்கள். அது இறுகத் தொடங்கியதும் மணல் குறைந்த மெல்லிய மேற்பூச்சு ஒன்றைக் கொடுத்து, ஈரம் காயும் முன் காவியும் மஞ்சள் மண்ணும் விளக்குக் கரியும் வெறும் தண்ணீரில் குழைத்துத் தீட்டுங்கள். கையுறை அணிவதும் கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம்; சுண்ணாம்பு தோலை அரித்துவிடும்.

முதல் ஓடு அநேகமாக வெடித்துவிடும், என்னுடையது மறுநாள் காலையில் காய்ந்த ஏரிபோல் கிடந்தது. மணல் குறைந்ததாலும் வெயிலில் காயவைத்ததாலும் வந்த வினை. இரண்டாவது ஓட்டில் வேறொன்று தெரியவந்தது: தீட்டிய நிறம் காயக்காய வெளுக்கிறது, அழிக்கவும் முடியாது, மறுநாள் வந்து திருத்தவும் முடியாது. பூச்சிலுள்ள சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து மறுபடியும் கல்லாக இறுகும்போது நிறத்தையும் தன்னோடு பிடித்துக்கொள்கிறது. இதனால்தான் பிசின் இல்லாமலே ஓவியம் நூற்றாண்டுகளைத் தாண்டுகிறது, இதனால்தான் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் மண் நிறங்களும் கல் நிறங்களுமே அந்த ஓவியனின் தட்டில் இருந்தன. கோடு தயங்காமல் ஒரே வீச்சில் ஓட வேண்டிய கட்டாயமும் அங்கிருந்தே வருகிறது. அதற்குப் பிறகு தஞ்சை ஓவியத்தின் அச்சுப்படத்தைப் பார்க்கும்போது, ஓவியன் எந்த இடத்தில் அவசரப்பட்டான் என்றுகூடத் தேடத் தொடங்குவீர்கள்.

சிற்பத் துறையினர் இதையே சுவாமிமலையில் செய்யலாம். அங்குள்ள பட்டறைகளில் ஸ்தபதிகள் தென்னையின் ஒடியோலையைப் படிமத்தின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துத் தாளப் பிரமாணம் எனும் உடல் விகித முறையின் அளவுகளைப் பெறுவதையும், தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து உருவம் செய்து அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசுவதையும் பார்க்கலாம். ஓர் ஓலையை நீங்களே வாங்கி மடித்துப் பாருங்கள். அந்த விகிதங்களில் ஒன்றான உத்தம தசதாளம் என்பது ஏட்டில் கிடக்கும் சொல்லாக இல்லாமல் விரலுக்குப் பழகிய அளவாகும். பட்டறைக்குப் போகும்போது வேலை நேரத்தில் குறுக்கே நிற்காமல், முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது மரியாதை.

எழுதக் கற்றுக்கொள்வது

வரைந்து பார்த்ததை எழுத்தாக்குவதில்தான் நம் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். ‘மிகவும் அழகாகச் செதுக்கப்பட்டுள்ளது’ என்ற வாக்கியம் எழுதப்படாத விடைத்தாளே கிடையாது. அதை ஒழிக்க ஒரு வழி, முதல் பத்தியில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும், யாருடைய பெயரையும் சொல்லாமல் எழுதுவது. மாமல்லபுரத்தின் பெரும்பாறைச் சிற்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாறையின் நடுவில் ஒரு பிளவு இருக்கிறது, அதில் நாகர்கள் மேல்நோக்கி வருகிறார்கள். பிளவின் ஒரு பக்கத்தில் எலும்பு தெரிய மெலிந்த ஒருவர் ஒற்றைக் காலில் நின்று கைகளை உயர்த்தியிருக்கிறார். அவருக்கு அருகே நான்கு கைகளோடு ஒருவர் வரம் தரும் கையோடு நிற்கிறார். மறுபக்கத்தில் யானைகள், அவற்றின் காலடியில் முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் ஒரு பூனை, அதைச் சுற்றி எலிகள். இதுவரை இது வெறும் காட்சி.

இரண்டாம் பத்தியில்தான் பொருள் கூற வேண்டும். இது அருச்சுனன் தபசு என்று ஒரு சாராரும் பகீரதன் கங்கையைக் கொண்டுவந்த கதை என்று மற்றொரு சாராரும் சொல்கிறார்கள். இரண்டு கதையிலும் தவமும் உண்டு, சிவனும் உண்டு என்பதால் தவசியை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. பாறையின் மேலே தண்ணீர் தேக்கியிருக்கலாம் என்பதும் பிளவில் நாகர்கள் இருப்பதும் கங்கைக்குச் சாதகமான சான்றுகள்; மறுதரப்பு வேறு உருவங்களைக் காட்டும். எந்தச் சான்று எதை நிறுவுகிறது, எதை நிறுவவில்லை என்று பிரித்து எழுதுகிற மாணவருக்கு, கடைசியில் ஒரு தரப்பை எடுக்க முடியாமல் போனாலும் குறைவில்லை. இங்கேயே, பாதியில் நின்றுபோன செதுக்கல்களையும் தேடிப் பாருங்கள். முற்றுப்பெற்ற சிற்பம் மறைத்துவிடுகிற உளி வேலையின் வரிசையை முற்றுப்பெறாதது திறந்து காட்டும். ஒரு சிற்ப மாணவருக்கு அதைவிடப் பெரிய பாடநூல் கிடைக்காது என்பது என் கருத்து.

நூல்களைப் பொறுத்தவரை பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன என்ற முறையீடு நியாயமானதுதான். மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்’ தமிழில் தொடங்குவதற்கு நல்ல வாசல். ஆங்கில நூல்களுக்குப் போகும்போது ஸ்கெட்ச் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை, மகுட வகைகளும் அணிகலன்களும் கை முத்திரைகளும் அடங்கிய ஒரு சொற்பட்டியலாக ஆக்கிக்கொள்ளுங்கள்: கரண்ட மகுடம், கிரீட மகுடம், சடாமகுடம், கேயூரம், சன்னவீரம், கடக முத்திரை. ஒவ்வொன்றுக்கும் எதிரே விளக்கம் எழுதாமல் கட்டைவிரல் அளவில் ஒரு படம் வரையுங்கள். சென்னை அருங்காட்சியகத்தில் பணியாற்றி, அதன் அமராவதிச் சிற்பங்களுக்கு 1942இல் விரிவான நூல் எழுதிய சி. சிவராமமூர்த்தி தம் நூல்களுக்கான கோட்டோவியங்களைத் தாமே வரைந்தவர். ஓவியராக இருந்துகொண்டே வாழ்நாள் முழுவதும் கட்டுரைகள் எழுதியவர் கே.ஜி. சுப்ரமணியன். வரைகிறவர் எழுதுவதும் எழுதுகிறவர் வரைவதும் நம்மிடையே புதிய வழக்கமல்ல.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வரலாறு படிக்கத் தொடங்கியதும் பல மாணவர்களின் கேன்வாஸில் திடீரென்று நடராசரும் யாளியும் கோபுரமும் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. உருவங்களைக் கடன் வாங்குவது எளிது. அந்த உருவம் எப்படி ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கிறது என்பதைக் கடன் வாங்குவது கடினம். நளகிரி வட்டத்திலிருந்து யானையை எடுப்பதைவிட, ஒரே உருவத்தை இருமுறை காட்டிக் காலத்தை நகர்த்தும் உத்தியை எடுத்து, உங்கள் தெருவில் நடந்த ஒரு சண்டையை வரைந்து பாருங்கள்.

இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடும்போதும் இதே தெளிவு வேண்டும். ‘சோழர் காலச் சிற்பங்கள்’ என்பது தலைப்பே அல்ல. நானூறு ஆண்டுகளை நாற்பது பக்கத்தில் அடைக்க முடியாது. உங்கள் ஊர்த் தேரின் அடிப்பாகத்து மரச்சிற்பங்கள், எல்லையில் நிற்கும் அய்யனார் குதிரைகளைச் செய்யும் வேளார் குடும்பம், பிளக்ஸ் வருவதற்கு முன் சுவர் விளம்பரம் எழுதிய ஓவியர், பழைய காலண்டர் படங்கள் என்று நேரில் போய்த் தொட்டு, அளந்து, பேசி எழுதக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பேட்டி எடுக்கும்போது கலைஞரின் ஒப்புதலைப் பெறுங்கள். அவர் தம் கருவிக்கும் வேலைக்கும் சொல்லும் பெயர்களை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் பல்கலைக்கழக மானியக் குழுவின் தகுதித் தேர்வை எழுத நினைப்பவர்களுக்கும் இந்த உழைப்பு வீண்போகாது. காட்சிக் கலைப் பாடத்தில் கலை வரலாறும் ஒரு பிரிவு.

தேர்வுக்காகத் தனியாகச் சொல்ல அதிகமில்லை. ஆண்டு முழுவதும் வரைந்த பக்கங்களை வரிசையாகப் புரட்டினாலே பாதிப் பாடம் திரும்பிவிடும். விடைத்தாளில் ஓரத்தில் ஒரு சிறு கோட்டுப்படம் வரைந்து அம்புக்குறியோடு விளக்கினால், இரண்டு பத்தியில் எழுத வேண்டியது நான்கு வரியில் முடியும்.

கடைசியாக ஒரு சிறு வேலை. அருங்காட்சியகத்தின் பெயர்ப்பலகையில் எழுதியிருப்பதையெல்லாம் உங்கள் ஓவியங்களுக்கும் எழுதத் தொடங்குங்கள்: தலைப்பு, ஊடகம், உயரம் முதலிலும் அகலம் அடுத்துமாக சென்டிமீட்டரில் அளவு, முடித்த ஆண்டு. கேன்வாஸாக இருந்தால் பின்பக்கச் சட்டத்திலும், தாளாக இருந்தால் பின்புறத்தின் கீழ்மூலையில் மெல்லிய பென்சிலாலும் எழுதலாம். முதலாண்டில் நான் வரைந்த அறுபதுக்கும் மேற்பட்ட தாள்களில் தேதி போட்டவை ஏழோ எட்டோதான். மற்றவற்றை வரிசைப்படுத்த, சோழர் படிமங்களுக்குச் செய்வதைப்போல, மூக்கு எப்படி வரைந்திருக்கிறேன், கை எங்கே தடுமாறியிருக்கிறது என்று பாணியை வைத்தே காலம் கணிக்க வேண்டியதாயிற்று.